ஓனர் பஸ் ஏறிய கதை

1

இந்தக் கதை என் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. எழுதுகிறவர்கள் இப்படி அலங்காரமாகச் சொல்வதுண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் இது அப்படியே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம் என்று தலையணையைத் தட்டிப் போட்ட நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். தலை ஒரு பக்கம் மட்டும் பின்னியிருந்தது. மறுபக்கத்தைப் பின்னுவதற்குள் தப்பித்து வந்திருக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டாள்.

வழி தவறிய குழந்தை என்று எனக்குப் பதறிவிட்டது. தெரியவில்லையே கண்ணு, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மூணாவது மாடி. படி ஏறி முடிச்சதும் வலது கைப் பக்கம். பச்சைக் கதவு. பெல் வேலை செய்யாது, தட்டணும்."

உனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்றேன்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்ல."

சொல்லிவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள். அங்கேயும் அதே கேள்வி, அதே மூச்சு, அதே பச்சைக் கதவு. அன்று காலையில்தான் அவர்கள் குடிவந்திருந்தார்கள். மாடிக்கு மாடி இறங்கித் தன் விலாசத்தை ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். நான் தலையணையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினேன்.

(இடையில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். நோயாளிகள் வந்துபோகும் இடைவெளிகளில் கதை எழுதுகிறேன். பல்வலியோடு காத்திருப்பவர்கள் யாரும் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்பதில்லை. எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'பெட்டிகளெல்லாம் கட்டியாகிவிட்டன. வெறிச்சோடிக் கிடந்த அறையின் நடுவே நின்ற சிறுமி, இனி ஒருபோதும் பார்க்க முடியாத அந்தச் சுவரைத் தன் பிஞ்சு விரல்களால் மெல்ல'

மெல்ல என்ன? தடவினாள் என்று எழுதத்தான் வந்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள். குடிவந்த சில நாட்களிலேயே எங்களுக்குப் பழக்கம் முற்றியிருந்தது. அவளுடைய அம்மா என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததால், முறைப்படி நான் அவளுக்குப் பெரியம்மா. பெரியம்மா வீட்டில் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பது அவளாகவே எடுத்த முடிவு. தாளை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள். இது யார் என்று கேட்டாள். நீதான் என்றேன்.

"நான் எதுக்குச் சுவரைத் தடவணும்?"

வீட்டை விட்டுப் போகிறாய் இல்லையா, அதனால் என்றேன். அவள் அதை யோசித்துப் பார்த்தாள். அன்றைக்குத் தான் சுவர்ப் பக்கமே போகவில்லை என்றும், மினி லாரியில் முன்சீட்டை யாராவது பிடித்துவிடுவார்களோ என்று விடிந்ததிலிருந்து அதிலேயே ஏறி உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள்.

இரண்டாவது தொடக்கம் மழையோடு ஆரம்பித்தது. அன்றைக்கு மழை பெய்யவில்லை என்று அடித்துவிட்டாள்.

இதற்குமுன் நான் எழுதியவற்றைப் புரட்டிப் பார்த்தேன். என் கதைகளில் வீடு மாறும் குழந்தைகள் எல்லோரும் வண்டியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தே பயணம் செய்திருக்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். ஒருத்திகூட எதிரில் என்ன வருகிறது என்று பார்த்ததில்லை. அந்த வண்டிகளை எல்லாம் யார்தான் ஓட்டினார்களோ.

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி: 'அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் குடியிருந்தாள்.'

"இது சரி," என்றாள்.

3

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் குடியிருந்தாள். அப்பா அங்கே வாட்ச்மேன். அம்மா வகுப்பறைகளைப் பெருக்கித் துடைக்கிறவர். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இரண்டு அறைகள். கைக்குழந்தையாக அங்கே வந்தவள் அவள். மைதானத்தில் நடை பழகினாள். நீள வராந்தாவில் சைக்கிள் பழகினாள். பிள்ளைகள் கைகழுவுவதற்காக வரிசையாகப் பொருத்திய குழாய்களில் தினம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் பல் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பள்ளிக்கூடம் முழுக்க அவளுடையது. அவள் வகுப்பில் எல்லோரும் அவளை 'ஓனர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் இனி அப்படியே கூப்பிடுகிறேன். அந்தப் பெயரில் அவர்களுடைய பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

ஆனால் ஓனருக்குத்தான் மற்றவர்கள்மேல் பொறாமை.

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள், நோட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் டீச்சர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இவள் அப்படிச் சொன்னால், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா என்பார் டீச்சர். வயிற்றுவலி என்று படுத்தால், இடைவேளையில் டீச்சரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். வகுப்பில் பேசினால் அப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அவர் நாற்காலி தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருப்பார். மழைக்காக விடுமுறை விட்டால் மொத்தப் பள்ளியும் கூச்சல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடும். இவள் ஓடுவதற்கு இடமில்லாமல் வராந்தாவில் நிற்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அவளிடம் வழி இல்லை. மற்றவர்கள் காலையில் வரும்போதே ஒரு கதையோடு வந்தார்கள். கண்டக்டர் யாரையோ இறக்கிவிட்டார், நாய் துரத்தியது, சைக்கிள் பஞ்சர், எருமை நடுரோட்டில் படுத்துக்கொண்டது. ஓனர் அவற்றையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தன் முறை வரும்போது சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. அவளுடைய வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே எதுவுமே நடக்க முடியாது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தன இரண்டும். ஒருநாள்கூட அவள் தாமதமாகப் போனதில்லை. தாமதமாகப் போக அவளால் முடியவில்லை.

4

செய்தியை அவளிடம் யார் சொல்வது என்பதில் பெற்றோருக்குள் சில நாள் இழுபறி. வீடு இருக்கும் இடத்தில் புதுக் கட்டடம் வருகிறது. காவல் வேலையை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு குடோன் வாசலில் வேலை பேசியாகிவிட்டது. இதைக் குழந்தையிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அம்மாவும், நீ சொன்னால்தான் பக்குவமாக இருக்கும் என்று அப்பாவும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அப்பா ஒரு சாயங்காலம் அவளை மைதானத்துக்கு அழைத்துப்போய், கோல் கம்பத்தடியில் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிச் செருமிச் சொல்லி முடித்தார்.

[இந்த இடத்தில் 'குழந்தையின் முகம் வாடியது' என்று எழுதி வைத்திருந்தேன். ஓனர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. வரியை எடுத்துவிட்டேன்.]

அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அப்போ நான் ஸ்கூலுக்கு வருவேனா?"

படிப்பு நின்றுவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்து அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டிப்பாக வருவாய் கண்ணு, படிப்பை நிறுத்துவேனா என்றார்.

"அது இல்லப்பா. வருவேனான்னு கேட்டேன். வெளியேருந்து வருவேனா?"

வருவாய் என்றார். பஸ்ஸிலா என்று கேட்டாள். பஸ்ஸில்தான் என்றார். அவள் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். அப்பா கோல் கம்பத்தடியிலேயே உட்கார்ந்து, அவள் எப்போது ஓடி முடிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இது இன்றுவரை ஆறவில்லை. என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வந்து குடித்தனம் தொடங்கிய இடம், ஒவ்வொரு ஜன்னலையும் தன் கையால் துடைத்த இடம், கடைசி வாரம் சாமானைக் கட்டக் கட்டத் தனக்கு நெஞ்சை அடைத்தது. "இவ பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே பாத்திரத்தைக் கட்டுறாக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கல்லு மனசு இதுக்கு."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கல் மனசுக்காரியை வைத்துக் கதை எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்குமா என்று.

5

குடிபோன நாள்.

அப்பாவின் நண்பர் ஒருவர் தன் மினி லாரியைக் கொண்டுவந்தார். பீரோவையும் கட்டிலையும் ஏற்றியதும், பாத்திர மூட்டைகளுக்கு நடுவே அம்மா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். முன்னால் டிரைவர், ஓனர், ஜன்னல் ஓரம் அப்பா. கேட் நெருங்கியதும் ஹாரன் அடித்துக்கொள்ளட்டுமா என்று ஓனர் கேட்க, டிரைவரும் சரி என்றார். அந்த கேட்டை எத்தனையோ வண்டிகளுக்கு அவள் அப்பாவோடு ஓடிப்போய்த் திறந்துவிட்டிருக்கிறாள். தானே ஒரு வண்டிக்குள் இருந்துகொண்டு அதைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. ஹாரனை அழுத்தியவள் கையை எடுக்கவேயில்லை.

வண்டி தெருவுக்கு வந்ததும் அப்பா, ஒரு நிமிஷம் நிறுத்து என்றார். இறங்கிப் போய்ப் பழக்க தோஷத்தில் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டார். போட்ட பிறகுதான் தான் வெளியே நிற்பது அவருக்கு உறைத்திருக்கிறது. கொக்கி உள்பக்கம் இருந்தது. கம்பிகளுக்கு இடையில் கையை விட்டுத்தான் அதைப் போட்டிருந்தார். கையை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டு வந்து ஏறினார்.

ஓனர் இதைச் சொல்லும்போது சிரித்தாள். எழுதும்போது என்னால் சிரிக்க முடியவில்லை. கதையை யார் பக்கம் சாய்ப்பது என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடுமாற்றம் வந்தது. அப்பாவின் கதையாக இருந்தால் நான் அதைச் சுலபமாக முடித்துவிடுவேன். அந்தக் கை போதும். ஆனால் வண்டிக்குள் ஒருத்தி ஹாரனில் கையை வைத்துக்கொண்டு, போலாம்பா, போலாம்பா என்று காத்திருக்கிறாள்.

போனோம்.

(போனார்கள் என்று எழுத வேண்டும். 'போனோம்' என்று வந்துவிட்டது. இருக்கட்டும்.)

6

இனி வருவதுதான் சிக்கல். புது வீடு வந்ததும் அம்மா ஒரு லாண்டரியில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். விடிந்ததும் போக வேண்டிய வேலை. அப்பா குடோனுக்கு அதற்கும் முன்னால் போய்விடுவார். முதல் வாரம் மட்டும் அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்து, வேலைக்குத் தாமதமாகப் போய், ஓனரை பஸ்ஸில் பள்ளி வரைக்கும் கொண்டுவிட்டார். அதற்குமேல் முடியாது. எங்கள் தெருமுனையிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. பேசாமல் அங்கே சேர்த்துவிடலாம், வீட்டு ஜன்னலில் இருந்தே தெரிகிற தூரம், ஒன்பது வயதுப் பெண்ணைத் தனியாக பஸ்ஸில் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம் என்பது அம்மாவின் கட்சி.

ஜன்னலில் இருந்தே பார்க்கும் பள்ளி. ஓனருக்கு அழுகை வந்தது என்றால் அது இந்த இடத்தில்தான். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுதாயா என்று கேட்டேன். அது கோபம் என்றாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. திங்கட்கிழமை அவள் தனியாகப் போகட்டும். ஒழுங்காக, நேரத்துக்கு, ஒரு வம்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அதே பள்ளி. இல்லாவிட்டால் தெருமுனை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கீழே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, என் ஆஸ்பத்திரியும் அதே பஸ் போகிற வழியில்தானே என்று கேட்டார்.

"அவளுக்குத் தெரியாம பின்னாடி போய்ப் பாத்துக்கோங்கக்கா. தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டா."

ஒத்துக்கொண்டேன். எழுதுகிறவள் ஒத்துக்கொள்ளாமல் இருப்பாளா?

7

என் வயதில் ஓர் ஒன்பது வயதுக் குழந்தைக்கு மறைந்து நடப்பது எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். அவள் பஸ்ஸின் முன்வாசலில் ஏறினாள். நான் பின்வாசலில் ஏறி, பருமனான ஒருவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில், முழங்கால் இடிக்க முன்னால் சாய்ந்து, கண்ணாடி வழியே தெருவை அவள் விழுங்கிக்கொண்டு போனாள். பின்பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். திரும்பவில்லை.

பாலத்தின் நடுவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்பக்கம் புகை. டிரைவர் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, எல்லோரையும் இறங்கச் சொன்னார். அடுத்த பஸ் வரும், அதில் ஏற்றிவிடுகிறேன் என்றார் கண்டக்டர்.

ஓனர் இறங்கி நின்றாள். அடுத்த பஸ்ஸும் வந்தது. படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவள் ஒரு காலைத் தூக்கிவைத்தாள், பிறகு இறங்கிக்கொண்டாள். போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா? பிடித்தால் ஒப்பந்தம் அங்கேயே முறியும். பிடிக்காவிட்டால்

(இந்த வாக்கியத்தை அன்றைக்கும் என்னால் முடிக்க முடியவில்லை.)

அவள் பையின் வாரை இறுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அம்மாவோடு போன வாரத்தில் வழியை மனப்பாடம் செய்திருக்கிறாள்: பாலம், பெட்ரோல் பங்க், டயர் தொங்கும் கடை, அப்புறம் பள்ளி. ஓரமாகத்தான் நடந்தாள். ஆனால் அது பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளை நடக்கும் நடை இல்லை. பாலம் முடிகிற இடத்தில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்தாள். பங்க் வாசலில் நின்று ஒரு லாரியின் சக்கரங்களைப் பார்த்தாள். டயர் கடையில் ஒருவர் சைக்கிள் டியூபைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். குமிழி வரும்வரைக்கும் நின்றாள். அவள் நிற்கும் இடத்திலெல்லாம் நானும் ஒரு கம்பத்தையோ கடை மறைப்பையோ தேடி ஓடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நடடி, நடடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். காலமெல்லாம் வழியே இல்லாமல் இருந்தவளுக்கு முதன்முதலாக ஒரு வழி கிடைத்திருக்கிறது. தின்பண்டத்தைத் தீர்ந்துவிடாமல் தின்கிற பிள்ளைபோல அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தாள். அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது.

8

கேட் சாத்தியிருந்தது. நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரத்தின் பின்னால் நின்றேன். கம்பெனிச் சட்டை போட்ட புது வாட்ச்மேன், அவளை யாரென்றே தெரியாதவர், ஏன் தாமதம் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். புகை வந்ததைக் கைகளை உயர்த்திக் காட்டினாள். அவரும் சுவாரசியமாகக் கேட்டுவிட்டு, ஓரமாக நில்லு என்று கையைக் காட்டினார்.

ஓரமாகப் போய் நின்றாள். அங்கே நின்றால் கட்டடங்களுக்கு இடையில் உள்ளே தெரியும். எனக்கும் தெரிந்தது.

வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை போய்விட்டது. முன்சுவர் போய்விட்டது. கரும்பலகைக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வாங்கி அம்மா தன் சமையலறைக்கு அடித்த கறுப்புச் சுவர் மட்டும் வெயிலில் தனியாக நின்றது. அலமாரி இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு ஆள் அதன்மேல் ஏறி நின்று கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தார்.

ஓனர் பார்த்தாள். நான் பார்த்தது அவள் முதுகை மட்டும். பை, இரண்டு பின்னல், இரண்டு கைகளும் பையின் வாரில்.

எழுதுகிறவளுக்கு இதைவிட வசதியான இடம் எது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுகிறாள். ஒன்றில் சிரிக்கிறாள். இன்னொன்றில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றையும் கிழித்துவிட்டேன். முதுகிலிருந்து முகத்தை எழுதுவது பொய்.

கொஞ்ச நேரம் கழித்து வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். அவள் உள்ளே போனாள். ஏதோ ஒரு ஜன்னலில் இருந்து ஒரு பையன், ஓனர் லேட்டுடா என்று கத்தியது தெரு வரைக்கும் கேட்டது. அவள் ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் பை குதித்தது.

நான் வேலைக்குப் போனபோது டாக்டரே வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

9

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொய்யைத் தயார் செய்துகொண்டேன். படிக்கட்டில் அவர் காத்திருந்தார். கேட்பதற்கு முன்னாலேயே நான், நேரத்துக்குப் போய்விட்டாள், ஒரு வம்பும் இல்லை என்றேன்.

அப்படியா அக்கா என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அவ இப்பதான் அவங்கப்பாகிட்ட முழுசா சொல்லி முடிச்சா. மேல வாங்க. உங்களுக்கு முதல்லேருந்து சொல்றாளாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மேலே போனேன். அப்பா வேலையிலிருந்து வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். ஓனர் அறையின் நடுவில் நின்றாள். பஸ் குலுங்கியது, புகை வந்தது, கண்டக்டர் கத்தினார், ஆட்கள் தொங்கினார்கள், பாலத்துக்குக் கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது, டியூபிலிருந்து குமிழி வந்தது, புது வாட்ச்மேன் ஓரமாக நில்லு என்றார். ஒவ்வொருவராகவும் அவளே மாறி மாறி நடித்தாள். சொன்னால் பள்ளி போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் வாழ்க்கையின் முதல் வழிக்கதை அல்லவா?

எல்லாவற்றையும் சொன்னாள். ஓரமாக நின்றதைச் சொன்னாள். நின்ற இடத்தில் வெயில் அடித்ததைச் சொன்னாள். அப்புறம் கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்றாள்.

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். அங்கே நின்று பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டியூபின் குமிழிவரை விடாமல் சொன்னவள், அந்த ஓர் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். அம்மாவும் அப்பாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "உள்ள விடும்போது அவரு என்ன சொன்னாரு?"

"நாளைக்கு நேரத்துக்கு வரணும்னாரு."

"நானும் அதான் சொல்லுவேன்," என்றார் அப்பா. எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளை அந்த ஓரத்தில் நிற்கவைத்த மனிதர். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அவர் மகளின் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டார். போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு வரச் சொன்னாருன்னா போய்த்தானே ஆகணும். ஒரு பஸ் முன்னாடியே கிளம்பு."

10

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடித்தும்விட்டேன். ஐந்தாம் பகுதி வரைக்கும் ஓனர் படித்துத் திருத்தியிருந்தாள். மிச்சம் எங்கே என்று தினமும் கேட்டாள். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

ஏழாம் பகுதியில் நான் இருக்கிறேன். அவள் தனியாகப் போனாள், தானே வழி கண்டுபிடித்தாள், தானே வாசலில் நின்றாள். அன்றிலிருந்து அவள் நடையே மாறியிருந்தது. இந்தக் கதையைப் படித்தால் தான் அன்றைக்குத் தனியாகவே போகவில்லை என்று தெரிந்துவிடும். என் கதை முழுசாக வேண்டுமென்றால் அவளுடையதில் கைவைக்க வேண்டும்.

என்னை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அவள் பார்த்ததை யார் பார்த்தார்கள் என்று கதை கேட்டது. என்னை ஒரு காக்கையாக மாற்றிப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் தாள்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு. ஆறு முடிகிற இடத்தில் கால் நின்றது. எட்டைப் படிக்க அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். ஒன்பதைப் படித்தாள். தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். எட்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீங்க வந்தது எனக்குத் தெரியும்," என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"பாலத்துலேருந்து. நீங்க செருப்பக் கழட்டிக் கல்லத் தட்டிக்கிட்டு இருந்தீங்க. ரொம்ப மெதுவா நடந்தீங்க பெரியம்மா. அதான் நான் அங்கங்க நின்னேன். இல்லன்னா நேரத்துக்குப் போயிருப்பேன்."

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மாட்டிக்கொண்டதற்கு உங்களைத்தானே திட்டுவார்கள் என்றாள்.

அன்றைக்கு நான் என்ன புடவை கட்டியிருந்தேன், சொல் பார்க்கலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

11

செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டினேனா? ஞாபகம் இல்லை. தட்டியிருக்கலாம், அந்தப் பாலத்தில் நடக்கிற எல்லோரும் எங்காவது நின்று தட்டத்தான் செய்கிறார்கள். அவள் நிஜமாகவே என்னைப் பார்த்திருக்கலாம். எனக்காக நின்றிருக்கலாம். அப்படியானால் ஏழாம் பகுதியை நான் முழுக்கத் தப்பாக எழுதியிருக்கிறேன். அல்லது ஒன்றுமே தெரியாமல் இருந்தவள், மேசைமேல் உட்கார்ந்து கால் நின்ற அந்த இடத்தில், தன் கதையைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு வழியை யோசித்திருக்கலாம். வழிக்கதை சொல்ல அவளுக்கு இப்போது நன்றாகவே வருகிறது.

இப்போதும் நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். அவள் முன்வாசலில் ஏறுகிறாள், நான் பின்வாசலில். பார்த்துக்கொள்வதில்லை. அது அவள் போட்ட சட்டம்.

நேற்று இறங்குவதற்கு முன் கூட்டத்தில் நுழைந்து என்னிடம் வந்தாள். கதையை முடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். கடைசி வரி மட்டும் பாக்கி என்றேன்.

"நான் பாத்தேன்னு எழுதுங்க," என்றாள். இறங்கி ஓடிவிட்டாள். இன்னும் மணி அடிக்கவில்லை. ஓட வேண்டிய அவசியமே இல்லை.

எழுதிவிட்டேன். இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன். ஒன்றை அடித்துவிடுங்கள். எனக்குக் கை வரவில்லை.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

அவள் என்னைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.